850-க்குப் பதில் 8,500: பயணத்துக்கு முன் கிரெடிட் கார்டில் சிக்கிக்கொள்ளும் பணம்

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியது. கோலாலம்பூர் போய் விமானம் மாறும் அலைச்சல் அதோடு குறைந்தது. ஆனால் புறப்படுவதற்கு முந்தைய இரவின் அவசரம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெட்டியை எடை போட்டுக்கொண்டே கைப்பேசியில் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டுகிறோம். 850 ரிங்கிட் என்று அழுத்த வேண்டிய இடத்தில் விரல் 8,500 என்று அழுத்திவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் அவ்வளவு பணம் இருந்தால் வங்கி மறுகேள்வி கேட்காது, பணம் போய்விடும்.

உடனே எழும் கேள்விகள் நான்கு. பணம் தொலைந்துவிட்டதா? வெளிநாட்டில் அதையே செலவழிக்கலாமா? ஏடிஎம்மில் எடுக்கலாமா? முன்கூட்டியே கட்டிவிட்டதால் இன்றைய நாணய மாற்று விகிதம் நமக்குக் கிடைக்குமா? முதல் இரண்டுக்கும் விடை நிம்மதி தரும். பின் இரண்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

## பற்றும் வரவும்

ஜோர்ஜ்டவுன் லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்த காலத்தில், பேரேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் இருக்கும். வாங்கியது பற்று, கட்டியது வரவு. கிரெடிட் கார்டுக் கணக்கும் அதே பேரேடுதான். கடன்பற்று அட்டை என்று நம் ஊரில் சொல்லும் பெயரிலேயே அந்தப் பற்று இருக்கிறது. வழக்கமாக அந்தக் கணக்கு பற்றுப் பக்கமே சாய்ந்திருக்கும், அதாவது நாம் வங்கிக்குக் கடன்காரர். பாக்கியைவிடக் கூடுதலாகக் கட்டிய நொடியில் தராசு மறுபக்கம் சாய்கிறது. இப்போது வங்கி நமக்குக் கடன்காரர்.

கணக்கு அறிக்கையில் இது சின்ன அடையாளமாகத்தான் தெரியும். தொகைக்குப் பக்கத்தில் ‘சிஆர்’ என்ற இரண்டு எழுத்து இருக்கும், சில செயலிகளில் ஒரு கழித்தல் குறி இருக்கும். 850 பாக்கிக்கு 8,500 கட்டியவர் கணக்கில் 7,650 சிஆர் என்று வரும். இதைப் பார்த்து 7,650 ரிங்கிட் கடன் ஏறிவிட்டது என்று பதறுபவர்களும் உண்டு. சிஆர் என்றால் வரவு, அது உங்கள் பணம்.

செயலியைத் திறந்ததும் கண்ணில் படும் மூன்று எண்களையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

1. அறிக்கைத் தொகை: மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் கணக்கை முடித்து வங்கி சொல்லும் பாக்கி. அந்த நாளிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் உண்டு. கட்ட வேண்டியது இதைத்தான்.

2. தற்போதைய பாக்கி: அறிக்கைக்குப் பிறகு நேற்று வரை செய்த செலவும் சேர்ந்தது. சில செயலிகள் இன்னும் உறுதியாகாத தொகைகளையும் இதில் சேர்த்துக் காட்டும்.

3. பயன்படுத்தக்கூடிய வரம்பு: இப்போது இன்னும் எவ்வளவு தேய்க்கலாம் என்ற கணக்கு.

## விரல் தவறுவது மட்டும்தானா?

கூடுதலாகக் கட்டிவிடுவதற்கு அவசரத்தைக் குறை சொல்லிவிடலாம். ஆனால் பாதிக் காரணம் திரையின் அமைப்பு.

சில செயலிகளில் எண்கள் சென்னிலிருந்து ஏறும். 8, 5, 0, 0, 0 என்று ஐந்து முறை அழுத்தினால்தான் 850.00 வரும். வேறு சிலவற்றில் 850 என்று அடித்தாலே 850 ரிங்கிட். முதல் வகைக்குப் பழகிய கை இரண்டாம் வகைக்குப் போனால் 85,000 என்று அடிக்கும். அதை நாள் வரம்பு தடுத்துவிடும், பிழைத்தோம். பதறித் திருத்தும்போது ஒரு பூஜ்யத்தை மட்டும் அழித்துவிட்டு ‘சரி’ என்று அழுத்தினால் 8,500 நிற்கும். இதன் மறுதலையும் நடக்கும். 850 என்று நினைத்து எட்டரை ரிங்கிட் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். என் கணக்கில் அதுதான் மோசமான தவறு. கூடுதலாகக் கட்டினால் பணம் முடங்கும், அவ்வளவுதான். குறைவாகக் கட்டினால் தாமதக் கட்டணம் வரும்: பாக்கியில் 1 விழுக்காடு, குறைந்தது 10 ரிங்கிட், அதிகபட்சம் 100 ரிங்கிட். அதோடு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் படிநிலை வட்டி முறையும் இருக்கிறது. 12 மாதம் தொடர்ந்து தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. ஒரு மாதம் சறுக்கினாலும் அந்த 15 கைவிட்டுப்போய் வட்டி ஏறிவிடும்.

விரல் தவறாமலே பணம் கூடிப்போகும் வழிகளும் உண்டு.

1. தானியங்கிக் கழிவு (ஆட்டோ டெபிட்) ஏற்கெனவே போட்டு வைத்திருப்பது மறந்துபோய், பயணத்துக்கு முன் கையாலும் கட்டுவது. இரண்டும் இறங்கும்.

2. கணவன் ஒரு பக்கம் ஜோம்பே என்ற கட்டணச் சேவையில் கட்ட, மனைவி இன்னொரு வங்கிச் செயலியில் கட்டுவது. வீட்டில் இரண்டு நிதியமைச்சர்கள் இருந்தால் இப்படித்தான்.

3. பிடித்துவைக்கப்பட்ட தொகையைச் செலவு என்று நினைத்துக் கட்டிவிடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே கார்டைச் செருகினால் முதலில் 200 ரிங்கிட் பிடித்துவைப்பார்கள். எண்ணெய் 60 ரிங்கிட்டுக்குத்தான் ஊற்றியிருப்போம். மீதி விடுபடக் கொஞ்ச நேரமாகலாம், சில நாள்களும் ஆகலாம். விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் செய்வது இதே வேலைதான், தொகைதான் பெரிது. இது செலவல்ல, ‘இவ்வளவு பணத்தை ஒதுக்கி வை’ என்று கடை வங்கியிடம் சொல்வது. செயலியில் தற்போதைய பாக்கியில் இதைப் பார்த்துவிட்டு முழுவதையும் கட்டினால், பிடிப்பு விலகியதும் அந்தத் தொகை அப்படியே வரவாக நின்றுவிடும். ரத்து செய்த விமானச் சீட்டுக்கான பணம் கார்டுக்குத் திரும்பி வரும்போதும் இதே கதைதான்.

## உள்ளே போன பணம் என்ன செய்யும்?

அந்த 7,650 ரிங்கிட் உங்களுக்கு வட்டி ஈட்டாது. ஆண்டுக்கு 3 விழுக்காடு தரும் வைப்பில் அது இருந்திருந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 38 ரிங்கிட் கிடைத்திருக்கும். இழப்பு அவ்வளவுதான். கட்டிய பணத்துக்குப் புள்ளிகளோ கேஷ்பேக்கோ கிடையாது, அவை செலவுக்கு மட்டும்தான்.

அடுத்த செலவுகள் இந்த வரவிலிருந்துதான் முதலில் கழியும். சென்னையில் 3,000 ரிங்கிட் அளவுக்குத் தேய்த்தால் அடுத்த அறிக்கையில் 4,650 சிஆர் என்று வரும், கட்ட ஒன்றும் இருக்காது. பெரும்பாலான வங்கிகளில் பயன்படுத்தக்கூடிய வரம்பும் கூடும். 6,000 ரிங்கிட் வரம்புள்ள கார்டில் 13,650 வரை போகலாம் என்று காட்டக்கூடும். கட்டியது கணக்கில் ஏறிய பின் செயலியைத் திறந்து பார்த்தாலே உங்கள் வங்கி எப்படிச் செய்கிறது என்று தெரிந்துவிடும்.

வரம்பு கூடுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கார்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கூடுகிறது. கோயம்புத்தூரில் படிக்கும் மகனிடம் துணை அட்டை இருந்தால் அவனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும். கார்டு எண் திருடு போனால் திருடனுக்கும்தான். சாதாரணமாக மோசடிச் செலவு நடந்தால் அது வங்கியின் கடன் பணத்தில் நடக்கும், நாம் மறுத்து வாதாடிக்கொண்டிருப்போம். வரவு நிற்கும் கார்டில் நடந்தால் முதலில் கரைவது நம் கைக்காசு. விசாரணை முடியும்வரை அது இல்லாமல் காலம் தள்ள வேண்டும், அதுவும் வெளியூரில்.

சேமிப்புக் கணக்கில் இருந்தபோது அந்தப் பணத்துக்கு இருந்த கைகால்களும் இப்போது இல்லை. பினாங்குக்காரர்கள் காரிலேயே ஹாட்யாய் போய்வருகிறார்கள். தாய்லாந்தின் புரொம்ப்ட்பே கியூஆர் குறியீட்டை நம் ஊர்ப் பணப் பரிமாற்றச் சேவையான டூயிட்நவ் கொண்டு ஸ்கேன் செய்து சாப்பாட்டுக் கடையில்கூடக் கட்டலாம். சிங்கப்பூரிலும் நெட்ஸ் கியூஆருக்கு அப்படிக் கட்ட முடிகிறது. ஆனால் அந்தப் பணம் பொதுவாகச் சேமிப்புக் கணக்கிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோதான் இறங்கும். கார்டில் 7,650 வரவு இருக்க, கியூஆர் கட்டணம் மட்டும் ‘போதிய இருப்பு இல்லை’ என்று திரும்பும். பயணத்தில், கூடுதலாகக் கட்டிவிட்டதன் உண்மையான வலி இதுதான் என்பது என் கருத்து. வட்டி இழப்பெல்லாம் அதற்கு முன்னால் சில்லறை.

## விகிதம் பூட்டப்படுவதில்லை

‘இன்றைக்கு ரிங்கிட் நல்ல நிலையில் இருக்கிறது, இப்போதே கார்டில் கட்டிவிட்டால் இந்த விகிதம் கிடைக்கும்’ என்று நினைப்பவர்கள் நிறைய. கிடைக்காது. கார்டில் கிடப்பது ரிங்கிட்தான், அது ரூபாயாகவோ பாத்தாகவோ மாறவில்லை. பரிவர்த்தனை நடந்து, அது கணக்கில் பதிவாகும்போதுதான் விசா அல்லது மாஸ்டர்கார்டின் விகிதத்தில் மாற்றப்படும். பதிவாக ஓரிரண்டு நாள் ஆகலாம், ஆகவே கடையில் நின்றபோது இருந்த விகிதம்கூட உறுதியில்லை.

ரிங்கிட் எவ்வளவு ஆடும் என்பதற்கு 2024 ஒன்றே போதும். பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 4.80 ரிங்கிட், செப்டம்பர் இறுதியில் 4.12. பிப்ரவரியில் கூடுதலாகக் கட்டியவர் எதையும் பூட்டவில்லை. செப்டம்பரில் செலவழித்திருந்தால் செப்டம்பர் விகிதம்தான், இந்த முறை அது அவருக்கு லாபமாகவே இருந்திருக்கும்.

விகிதத்தைப் பூட்டத்தான் வேண்டும் என்றால் பல நாணய அட்டை அல்லது பணமாற்றுக் கடை. அங்கே மாற்றிய கணமே அது வெளிநாட்டுப் பணமாகிவிடுகிறது.

விகிதத்தின் மேல் ஏறும் கட்டணங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கணக்குக்கு எளிதாக ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. தியாகராய நகரில் 40,000 ரூபாய்க்குப் பட்டு எடுத்தால் 2,000 ரிங்கிட். கார்டு நிறுவனத்துக்கு 1 விழுக்காடு, வங்கிக்கு 1 விழுக்காடு என்றால் 40 ரிங்கிட் கூடுதல். வங்கியின் பங்கு கார்டுக்குக் கார்டு மாறும்.

2. கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி ‘ரிங்கிட்டிலேயே கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால், மாற்றும் வேலையை அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர் செய்கிறார் என்று பொருள். அவர் 19 ரூபாய் விகிதம் வைத்தால் அதே புடவை 2,105 ரிங்கிட். இதற்கு மேலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. ரூபாயிலேயே கட்டுவதாகச் சொல்லிவிடுங்கள்.

கார்டில் வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டிலும் ஒரு சென்கூடக் குறையாது.

## ஏடிஎம் பக்கம் போக வேண்டாம்

‘என் பணம்தானே உள்ளே இருக்கிறது, எடுத்தால் எப்படிக் கடனாகும்?’ தர்க்கம் சரிதான், ஆனால் கட்டண அட்டவணை தர்க்கம் பார்ப்பதில்லை. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் ரொக்க முன்பணக் கட்டணம் என்று பொதுவாக 5 விழுக்காடு பிடிப்பார்கள். வரவில் இருந்தாலும் பெரும்பாலான வங்கிகளின் விதிகள் இதை விட்டுக்கொடுப்பதில்லை. மேலே உள்ள விகிதத்தில் 20,000 ரூபாய் எடுத்தால் 1,000 ரிங்கிட், கட்டணம் 50, நாணய மாற்றுக்கு ஒரு 20. உள்ளூர் ஏடிஎம் தன் பங்குக்குத் தனியாக ஏதாவது பிடித்துக்கொள்ளும். வரவு தீர்ந்து கடனுக்குள் போய்விட்டால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ரொக்கத்துக்கு 20 நாள் அவகாசம் கிடையாது.

கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்று படியேறி விலை கேட்டு மாற்றிக்கொண்டு போவதே மேல்.

## திருப்பிக் கேட்பதா, விட்டுவிடுவதா?

இதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும்: இந்தப் பயணத்திலும் அடுத்த ஓரிரு மாதத்திலும் அந்தக் கார்டில் எவ்வளவு செலவாகும்?

கூடுதலாகப் போனது 500, 1,000 என்றால் விட்டுவிடுங்கள், தானாகக் கரையும். 7,650 ரிங்கிட் என்றால் கணக்கு வேறு. பயணத்தில் 3,000, பிறகு மாதம் 1,000 என்று செலவு செய்பவருக்கு அது கரைய ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அதற்குள் வீட்டுக் கடன் தவணையும் கார்த் தவணையும் சேமிப்புக் கணக்கைத்தான் தேடி வரும். இந்த நிலையில் திருப்பிக் கேட்பதே சரி, அதையும் விமானம் ஏறும் முன் கேட்க வேண்டும்.

1. முதலில் பணம் உங்கள் கார்டுக்குத்தான் போனதா என்று பாருங்கள். எண் மாறி வேறொருவர் கணக்குக்குப் போயிருந்தால் அது வேறு வழக்கு, எவ்வளவு சீக்கிரம் உங்கள் வங்கியிடம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. டூயிட்நவ் விதிகளில் தவறான இடத்துக்குப் போன பணத்தை மீட்கும் நடைமுறை 10 வேலை நாள்களுக்குள் சொன்னால்தான் வேகமாக நடக்கும்.

2. பணம் கணக்கில் ஏறி, சிஆர் என்று தெரியும்வரை காத்திருங்கள். அதற்கு முன் கூப்பிட்டால் ‘இன்னும் வரவில்லை’ என்ற பதில்தான்.

3. கார்டின் பின்னால் உள்ள எண்ணை அழைத்து, வரவுத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பும்படி கேளுங்கள். அதே வங்கியில் கணக்கு இருந்தால் சீக்கிரம் முடியும். வேறு வங்கி என்றால் கூடுதல் நாள்களும், சில இடங்களில் எழுத்துக் கடிதமும் ஆகும்.

4. முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. பயணச் செலவுக்கு 3,000 விட்டுவைத்து மீதி 4,650-ஐக் கேட்கலாம்.

உறுதியாகாத பரிவர்த்தனைகள் இருந்தால் வங்கி இழுத்தடிப்பது போலத் தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது. விடுதி பிடித்துவைத்த 1,200 ரிங்கிட் நாளைக்கு உண்மைச் செலவாகப் பதிவாகக்கூடும். இன்றைக்கே வரவு முழுவதையும் திருப்பிவிட்டால் நாளை அது உங்கள் கடனாகிவிடும். அதனால் அந்த அளவை நிறுத்திக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

வெளிநாட்டிலிருந்து இதைச் செய்ய முடியாது என்றில்லை, ஆனால் தொல்லை. வங்கிகள் குறுஞ்செய்திக் கடவு எண்ணைக் குறைத்துச் செயலி வழி ஒப்புதலுக்கு மாறி வருகின்றன. அதற்கு அந்தக் கைப்பேசியும் இணையமும் வேண்டும். குறுஞ்செய்தி இன்னும் வரும் வங்கி என்றால் மலேசிய சிம்மில் ரோமிங் வேண்டும். அடையாளத்தைச் சரிபார்க்க வங்கி கூப்பிடும்போது நீங்கள் மதுரையில் யாரோ வாங்கித் தந்த எண்ணில் இருப்பீர்கள்.

இன்னொன்று. ‘உங்கள் கார்டில் கூடுதல் பணம் இருக்கிறது, திருப்பித் தருகிறோம்’ என்று யாராவது தாமாக அழைத்து ஆறு இலக்கக் கடவு எண்ணைக் கேட்டால், அது வங்கி இல்லை. சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

## வேண்டுமென்றே கட்டுபவர்கள்

வரம்பு போதாது என்று தெரிந்தே கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டோ அதற்குக் குறைவோ உள்ளவருக்கு ஒரு வங்கி தரும் வரம்பு மாதச் சம்பளத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. மாதம் 2,800 வாங்குபவருக்கு அதிகபட்சம் 5,600. குடும்பம் மொத்தமும் ஊருக்குப் போகும்போது அது பற்றாதுதான்.

சின்னத் தொகை என்றால் இதில் குற்றமில்லை. பெரிய தொகை கட்டி, செலவழிக்காமல் திருப்பிக் கேட்டால் வங்கியின் கண்காணிப்பு விழித்துக்கொள்ளும். கார்டில் நிறையக் கட்டிவிட்டுப் பிறகு வங்கியிடமிருந்தே ‘சுத்தமான’ பணமாகத் திருப்பி வாங்குவது கறுப்புப் பணக்காரர்களின் பழைய உத்திகளில் ஒன்று. சட்டவிரோதப் பணமாற்றத்தைத் தடுக்கும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி சந்தேகம் எழுந்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். விரல் தவறி 8,500 கட்டியவரைப் பிடித்து உள்ளே போடமாட்டார்கள். ‘பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி வந்தால் சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும், ஆனால் அதற்கும் நாள் பிடிக்கும்.

பயணத்துக்காகத் தற்காலிக வரம்பு உயர்வு கேட்பது சுத்தமான வழி. பல வங்கிகளில் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். கைக்காசு முடங்காது. போகிற போக்கில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது மூடியிருந்தால் 13,650 ரிங்கிட் வரம்பும் சென்னையில் ஒரு காப்பி வாங்கித் தராது.

## பின்னால் வரும் சிக்கல்கள்

அதே வங்கியில் இன்னொரு கார்டோ கடனோ நிலுவையில் இருந்தால், வரவுத் தொகையை எடுத்து அதில் ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலான வங்கி ஒப்பந்தங்கள் வைத்திருக்கின்றன. திருப்பிக் கேட்ட பணம் வராமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் அதற்கான அறிவிப்பைத் தேடுங்கள்.

வங்கி காரணமில்லாமல் பணத்தைத் தராமல் இழுத்தால் முதலில் அதே வங்கியின் புகார்ப் பிரிவில் எழுத்தில் சொல்ல வேண்டும். அங்கே தீராவிட்டால் 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) சேவைக்குப் போகலாம்.

வரவு இருப்பதை மறந்து கார்டை ரத்து செய்துவிட்டு, வீடும் எண்ணும் மாறி, வங்கி அனுப்பிய கடிதம் கைக்கு வராமல் போனவர்களும் இருக்கலாம். அப்படி யாரும் கேட்காமல் கிடக்கும் பணம் கோரப்படாத பணம் பற்றிய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருநாள் அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அங்கே போனாலும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். கோரப்படாத பணத்துக்கான இகுமிஸ் (eGUMIS) இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிந்து தேடிப் பார்க்கலாம். தேடும்போது பெற்றோர் பெயரிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், பழைய கணக்குகளை மறந்தவர்கள் அந்தத் தலைமுறையில்தான் அதிகம்.